பிங்க் மூனும் கழுகுமலைப் பாட்டும்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ ஆல்பத்தைக் காதில் மாட்டிக்கொண்டேன். மொத்தமே 28 நிமிஷம்தான். ஒரு குரல், ஒரு கிடார், ஒரே ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. மலை தெரிவதற்குள் கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது. வெளியே பருத்தி எடுத்து முடிந்த காடு, அதற்கப்புறம் சீமைக்கருவேலம், அதற்கப்புறம் வெடித்துக் கிடக்கிற கரிசல், மறுபடியும் சீமைக்கருவேலம்.

இந்தப் பாட்டுக்கும் இந்தக் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு எண்தான் சம்பந்தம். 26. நிக் டிரேக் 26 வயசில் இறந்தார். கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரும் 26 வயசில் இறந்தார். வயசு ஒன்றாக இருப்பது வெறும் தற்செயல். அதை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால், ஒரு ஆல்பத்தை ஊர் எப்படி ‘ஏற்றுக்கொள்கிறது’ என்ற கேள்விக்கு இரண்டு வேறு பதில்கள் கிடைக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நடுவில் நான் செய்த ஒரு தப்பும் வரும்.

முதலில் டிரேக். 1948-இல் ரங்கூனில் பிறந்தவர். அப்பா பர்மாவில் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியில் இன்ஜினியர். (பர்மா என்றதும் நம்ம பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் யாராவது ஒருத்தர் நிமிர்ந்து உட்காருவார்கள். அது வேற கதை.) சின்ன வயசிலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவருடைய மூன்று ஆல்பங்களை வெளியிட்டது: 1969-இல் ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, 1971-இல் ‘பிரைட்டர் லேட்டர்’, 1972-இல் ‘பிங்க் மூன்’. மூன்றுமே வந்த காலத்தில் தலைக்கு 5,000 பிரதிகூட விற்கவில்லை. விமர்சகர்கள் ஒரேயடியாகத் திட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. பாதிப் பாராட்டு, பாதிக் கொட்டாவி. ‘பிரைட்டர் லேட்டர்’ பற்றி ‘மெலடி மேக்கர்’ பத்திரிகை, நாட்டுப்பாட்டும் ஹோட்டல் லவுஞ்சில் கேட்கிற ஜாஸும் ஒட்டாமல் கலந்திருக்கிறது என்கிற மாதிரி எழுதியது.

மேடையேறிப் பாடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கிடாரின் சுருதியை வேற மாதிரி மாற்றிக் கட்டுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தந்தியை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியது. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பேச ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச காலத்தில் மேடையையே விட்டுவிட்டார். ‘பிங்க் மூன்’ 1971 அக்டோபரில் இரண்டே ராத்திரியில் பதிவானது. ஸ்டூடியோவில் அவரும், ஜான் வுட் என்கிற ஒலிப்பதிவாளரும் மட்டும். 1974 நவம்பரில், மனச்சோர்வுக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை அளவுக்கு மிஞ்சிப்போய், வீட்டில் இறந்துபோனார்.

அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தார்கள். 1979-இல் ‘ஃப்ரூட் ட்ரீ’ என்ற பெயரில் மூன்று ஆல்பத்தையும் சேர்த்து ஒரு பெட்டியாக வெளியிட்டார்கள். பாடகர்கள் ஒருத்தருக்கொருத்தர் கேசட் போட்டுக் கொடுத்தார்கள். 1999 கடைசியில் அமெரிக்காவில் ஒரு வோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ பாட்டு வந்தது. அடுத்த வருஷம் ஆல்பத்தின் விற்பனை பல மடங்கு ஏறிப்போனது. 2003-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை போட்ட ‘எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்கள்’ பட்டியலில் மூன்றுமே இருந்தன. உயிரோடு இருந்தபோது 5,000 பேர்கூட வாங்காத பாட்டு, செத்து 25 வருஷம் கழித்து ஒரு கார் விளம்பரத்தால் வீடு வீடாகப் போனது. அந்தக் கதையை எல்லோரும் விரும்புகிறோம். கலைஞன் சரி, காலம்தான் லேட் என்று சொல்லிக்கொள்ள வசதியான கதை அது.

கழுகுமலைக் கதை வேற மாதிரி.

அண்ணாமலை ரெட்டியார் 1865-இல் பிறந்தார், 1891-இல் இறந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. ஊர் சென்னிகுளம், சங்கரன்கோவில் பக்கம். இன்றைக்குத் தென்காசி மாவட்டம். படிக்க வேண்டிய வயசில் பாட்டெழுதிக்கொண்டு திரிந்தவர். திருவாவடுதுறை மடத்தில் கொஞ்ச காலம் தங்கி உ.வே. சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. கடைசியில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் சபையில் புலவராகச் சேர்ந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் ஊற்றுமலைதான் அவருக்கு ‘லேபிள்’. சம்பளம், சாப்பாடு, கேட்கிறதுக்கு ஒரு ரசிகர், எல்லாம் அங்கே. ‘இண்டி’ என்று சொல்ல முடியுமா என்று கேட்டால் முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஜமீனோ மடமோ இல்லாமல் ஒரு தமிழ்ப் புலவன் சோறு தின்றிருக்க முடியாது.

ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்துபோனபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமல் இருக்க ரெட்டியார் இந்தப் பாட்டுகளைப் பாடினார் என்று ஒரு கதை உண்டு. நடந்தது அப்படியேதானா என்பதைவிட, எல்லோரும் அந்தக் கதையை நம்புகிறார்கள் என்பது எனக்கு முக்கியம். ஏனென்றால் பாட்டைக் கேட்டாலே தெரியும், இது உட்கார்ந்து கேட்பதற்குக் கட்டின பாட்டு இல்லை.

எப்படித் தெரியும்? கொஞ்சம் இலக்கணம் சொல்லணும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிந்து என்பது அளவொத்த அடிகள் ஜோடி ஜோடியாக வருகிற பாட்டு. அடியின் நடுவில் ‘தனிச்சொல்’ என்று ஒன்று தொங்கும். முன்பாதி முடிந்து, அந்தச் சின்னச் சொல் வந்து, அதற்குப் பின்பாதி. அடி முடிகிற இடத்தில் ஓசை ஒத்துவரும், அது இயைபு. அடிக்குள்ளே எதுகையும் மோனையும் நெருக்கமாக விழும். காவடிச்சிந்தில் தாளம் பெரும்பாலும் மும்மூன்றாகப் போகும், தகிட தகிட என்று. நடக்கிறவனுடைய கால் இரண்டிரண்டாகத்தானே போகும்? மூன்றின் மேல் இரண்டு விழும்போது ஒரு ஆட்டம் பிறக்கிறது. காவடி தோளில் குலுங்குகிறதே, அந்த ஆட்டம்.

இன்னொன்று, நான் கூட்டத்தோடு நடந்து கவனித்தது. காவடி தோளில் இருக்கிறவனுக்கு மூச்சு நீளாது. ஒரு முழு அடியைத் தம் கட்டிப் பாட முடியாது. அந்தத் தனிச்சொல் வருகிற இடத்தில்தான் அவன் மூச்சு வாங்குகிறான். பக்கத்தில் வருகிறவர்கள் அந்தச் சொல்லை ஏந்திக்கொண்டு அடுத்த பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். புத்தகத்தில் கோடு போட்டுத் தனியாக அச்சடித்திருக்கிற அந்தச் சொல், படிக்கும்போது வெறும் அலங்காரம் மாதிரி இருக்கும். வெயிலில் பத்து கிலோமீட்டர் நடந்த பிறகு அது இல்லாமல் பாட்டு நகராது.

இதற்கு முன்னால் காவடி எடுத்தவர்கள் பாடாமலா போயிருப்பார்கள்? பாடித்தான் போயிருப்பார்கள். தெருப்பாட்டாகக் கிடந்த மெட்டுகளை எடுத்து, அருணகிரிநாதர் திருப்புகழில் செய்த சந்த வேலையை அதற்குள் நுழைத்து, ஒரே ஊர், ஒரே தெய்வம் என்று வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு ஓசையை மாற்றி ஒரு தொகுதியாக ஆக்கியதுதான் ரெட்டியார் செய்தது. அதனால்தான் இதை ஆல்பம் என்று சொல்லத் தோன்றுகிறது. கழுகுமலை ஊர் வளம், கோயில் வளம் என்று தொடங்கி, முருகன் மேல் ஆசைப்பட்டுத் தவிக்கிற பெண், அவளுடைய தோழி என்று அகத்துறைக்குள் போய்விடும். ஒரு மூச்சில் கேட்டால் ஒரு பயணம் போய்வந்த மாதிரி இருக்கும்.

ஊர் வளம் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பாட்டில் வருகிற கழுகுமலையில் மாளிகை மலை மாதிரி நிற்கும், கொடி பறக்கும், சோலையில் வண்டு மொய்க்கும். பஸ் ஜன்னலில் நான் பார்த்த ஊருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1876-78 பஞ்சம் நடந்தபோது ரெட்டியாருக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. மழை பொய்த்தால் இந்தக் காட்டில் என்ன நடக்கும் என்று பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார். அப்படியும் பாட்டில் ஒரு சொட்டு வறட்சி இல்லை. மரபு அப்படி, வளம் பாடினால் வளமாகத்தான் பாட வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெடித்த கரிசலில் நடந்துகொண்டே அந்தச் சோலையைப் பாடுகிறவர்களைக் கேட்கும்போது, அது வர்ணனையாக எனக்குப் படவில்லை. வேண்டுதலாகப் படுகிறது. மழை கேட்கிறார்கள்.

பாட்டில் இல்லாத இன்னொரு கழுகுமலையும் இருந்தது. ரெட்டியார் இறந்து நாலு வருஷத்தில், 1895 பங்குனித் திருவிழா சமயத்தில், தேரோடும் வீதி யாருக்கு என்கிற சாதித் தகராறு இதே ஊரில் கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. ‘எல்லோரும் பாடி ஏற்றுக்கொண்ட பாட்டு’ என்று எழுதுவதற்கு முன்னால் அந்த ‘எல்லோரும்’ அன்றைக்கு எந்தத் தெரு வரைக்கும் நடக்க முடிந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, வரவேற்பு. இதில் மூணு நாலு விதமான கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டுகொள்வதே இல்லை.

புலவர் உலகத்தில் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மதிப்புள்ள சரக்கு அந்தாதி, யமகம், திரிபு, தலபுராணம். சிந்து என்பது சந்தையில் காலணா அரையணாவுக்கு விற்கிற பாட்டுப் புத்தக வகை. ரெட்டியாருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரும் சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரைத் தலபுராணம் என்று ‘கனமான’ நூல்களையும் எழுதினார். புலமையை நிரூபிக்க வேண்டிய இடத்தில் நிரூபித்தார். இன்றைக்கு அவற்றை யார் படிக்கிறார்கள்? தமிழ் எம்.ஏ. படித்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பேர் தெரியும் என்றார்கள். அவ்வளவுதான்.

கரிசல்காட்டு எழுத்தாளர்கள் இதில் வேற ஜாதி ரசிகர்கள். (ஜாதி என்ற சொல்லை இங்கே சங்கீத அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவும்.) கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே வருஷத்தில், 1923-இல் பிறந்த சிநேகிதர்கள். இரண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். இரண்டு பேரும் குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வீட்டுக்குப் போய்வந்தவர்கள். கவிதையை வாய்விட்டுப் பாடிக் காட்டினால்தான் அதன் உருவம் தெரியும் என்பது டி.கே.சி.யின் கட்சி. அந்தக் கட்சிக்குக் காவடிச்சிந்தைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. அழகிரிசாமி அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். சிறுகதைக்காரர் ஒருவர் ஏட்டுப் புலவர் மாதிரி உட்கார்ந்து பாட்டுக்குப் பதிப்பு வேலை பார்த்தார் என்றால் அது வெறும் கடமைக்காக இருக்காது.

எட்டயபுரத்துப் பாரதி இருக்கிறார். ரெட்டியார் இறந்தபோது பாரதிக்கு எட்டு ஒன்பது வயசு. கழுகுமலைக் கோயில் எட்டயபுரம் ஜமீனுடைய பொறுப்பில் இருந்த கோயில். அந்த ஊரில் வளர்ந்த, பாட்டில் காதுள்ள ஒரு பையன் இந்தச் சிந்துகளைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம். பின்னால் நொண்டிச்சிந்து, கிளிக்கண்ணி என்று தெருவில் கிடந்த மெட்டுகளில்தான் அவர் அரசியல் பாட்டே எழுதினார். 1912-இல் வெளியான பாஞ்சாலி சபதம் முதல் பாகத்தின் உடம்பு முழுக்கச் சிந்து. பாரதிதாசன் ‘சிந்துக்குத் தந்தை’ என்ற பட்டத்தைப் பாரதிக்குக் கொடுத்துவிட்டார். சென்னிகுளத்துக்காரர்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம், தப்பில்லை. ‘காவடிச்சிந்தின் தந்தை’ என்று அவருக்கும் ஒரு பட்டம் தனியாக உண்டு.

கச்சேரி மேடையில் காவடிச்சிந்துக்கு இடம் கடைசியில். ராகம் தானம் பல்லவி முடிந்து, பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது துக்கடாவாகப் பாடுவார்கள். அநேகமாகச் செஞ்சுருட்டி மாதிரி ஒரு ராகம். உண்மையைச் சொல்லணும்னா அந்த நேரத்தில்தான் சபையில் பலருக்கு உயிர் வரும். எழுந்தவர்கள் மறுபடியும் உட்காருவார்கள். ஆனால் மறுநாள் பேப்பரில் விமர்சனம் எழுதுகிறவர் அதற்கு ஒரு வரி கொடுத்தால் அதிகம். நிக் டிரேக்குக்கு ‘மெலடி மேக்கர்’ கொடுத்த கொட்டாவி ஞாபகம் வருகிறது.

பள்ளிக்கூடத்திலும் உண்டு. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் காவடிச்சிந்து பாடமாக வந்திருக்கிறது. சாதிப் பின்னொட்டை எடுத்துவிட்டு ‘அண்ணாமலையார்’ என்று போட்டிருக்கிறார்கள். பாடநூலுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அவரும் பாட்டுக்குள் தன்னைச் சென்னிகுளத்து அண்ணாமலை என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் ‘அண்ணாமலையார்’ என்றால் நம்ம ஆட்களுக்கு யார் ஞாபகம் வருவார்? இதைப் படிக்கும்போதே உங்களுக்கும் வந்திருக்கும். என் தப்பு அங்கேதான் இருக்கிறது.

என் தாத்தா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு நடந்து போவார். முட்டி தேய்ந்த பிறகும் போனார். கல்லூரியில் எனக்கு நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு பாடம் இருந்தது. ஐந்து பாட்டு சேகரித்துக் கொண்டுவரணும். நான் வெளியே எங்கும் அலையவில்லை. போனில் ரெக்கார்டரைப் போட்டுத் தாத்தா முன்னால் வைத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிப் பாடினார். பாட்டுப் பிசிறில்லாமல் வந்தது. நடுவில் இருமல், மிக்சி சத்தம், ஆச்சி யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

“இது யாரு எழுதுன பாட்டு தாத்தா?”

“எழுதுறதாவது. எங்கய்யா பாடுவாரு, நான் பாடுறேன். அண்ணாமலையார் பாட்டுய்யா. அப்பனைப் பாடுனா மகனுக்குச் சந்தோஷம்தான?”

திருவண்ணாமலைச் சிவன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முருகன் பாட்டில் அப்பன் பேர் வருவது அவருக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். எனக்கும் நியாயமாகப் பட்டது. பாட்டுக்குள் ‘சென்னிகுளம்’ என்று தெளிவாக வருகிறது. அதை நான் ‘செங்குளம்’ என்று கேட்டு, அப்படியே எழுதி, பக்கத்தில் ‘ஏதோ குளத்தின் பெயர்’ என்று அடைப்புக்குறியும் போட்டேன். பாடத்தில் கேட்டிருந்த படிவத்தில் ‘இயற்றியவர்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை, வாய்மொழி மரபு’ என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல மார்க் வந்தது.

ஊரையும் பேரையும் பாட்டுக்குள்ளேயே கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனுஷன். முத்திரை வைப்பது என்றால் அதற்குத்தானே? புத்தகம் கிழிந்தாலும், ஜமீன் போனாலும், பாடுகிற வாய் இருக்கிற வரைக்கும் பேர் இருக்கும் என்று. 120 வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடிக் கொடுக்கிறார். காலேஜில் படிக்கிற பையன் காதில்தான் விழவில்லை.

தாத்தா போய்ச் சில வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் காவடிச்சிந்துப் பதிப்பு ஒன்றைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. ரெண்டாவது வரியிலேயே வேர்த்துவிட்டது எனக்கு.

இதிலிருந்துதான் டிரேக்குக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டிரேக்கைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவர் பேர் தெரியும், ஊர் தெரியும், எந்த ராத்திரி எந்த ஸ்டூடியோவில் பாடினார் என்பது தெரியும், சாப்பிட்ட மாத்திரையின் பேர்கூடத் தெரியும். அவர் பாட்டைத் தெருவில் நாலு பேர் சேர்ந்து பாடிக் கேட்டிருக்கிறீர்களா? கஷ்டம். அந்தச் சுருதி அவர் கிடாரோடு போய்விட்டது. தனியாகக் காதில் மாட்டிக் கேட்கிற பாட்டு அது, ஒருத்தர் பாட ஒருத்தர் கேட்கிற கணக்கு. ரெட்டியாருக்கு நேர்மாறு. பாட்டை ஆயிரக்கணக்கான பேர் பாடுகிறார்கள், ஆளை யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு ‘மறுகண்டுபிடிப்பு’ என்று ஒன்று தேவைப்படவே இல்லை, ஏனென்றால் பாட்டு ஒருநாளும் காணாமல் போகவில்லை. விற்பனைக் கணக்கு, பட்டியல், நட்சத்திர மதிப்பெண் எதிலும் அந்த வரவேற்பு ஏறாது.

இதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லலாம்தான். பேர் போனால் என்ன, பாட்டு இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் உண்டு. எழுதினவனே மறைந்து நாட்டுப்பாட்டாக ஆகிவிடுவதுதான் பெரிய வெற்றி என்று நானும் ஒரு காலத்தில் அழகாகப் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேச வாய் வருவதில்லை. பேர் மறையட்டும் என்று நினைக்கிறவன் பாட்டுக்குள் ஊர்ப்பேரோடு சேர்த்துப் பேர் எழுத மாட்டான். அவர் ஆசைப்பட்டது வேற. அதை நாம் ‘மரபு’ என்று பெரிய சொல்லைப் போட்டு மூடுகிறோம்.

லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுசீலா ராமன் என்ற பாடகி இருக்கிறார். 2001-இல் வந்த ‘சால்ட் ரெயின்’ ஆல்பத்துக்காக மெர்குரி பரிசின் கடைசிச் சுற்று வரை போனவர். 2011-இல் ‘வேல்’ என்று ஒரு ஆல்பம் போட்டார். தமிழ்நாட்டு முருகன் பாட்டுகளை ராக் கிடாரோடு, தொண்டை கிழியப் பாடியிருப்பார். கேட்டவர்களில் சிலருக்குப் புல்லரித்தது, சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டு தரப்புமே ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள், இது கோயில் வாசலில் கேட்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்று. சிந்துவுக்கும் இந்த வரவேற்பு புதுசில்லை. நாட்டுப்பாட்டை ராக்கில் போடலாமா என்ற சண்டையும், தெருமெட்டில் திருப்புகழ்ச் சந்தத்தைப் போடலாமா என்ற சண்டையும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்தான்.

கழுகுமலையில் இறங்கி, கோயிலுக்கு வெளியே டீக்கடையில் நின்றேன். பச்சை வேட்டி கட்டின ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களில் பெரியவராக இருந்தவரிடம், நீங்க நடக்கும்போது சிந்து பாடுவீங்களா என்று கேட்டேன். பாடுவோம் என்றார். ரெண்டு அடி பாடியும் காட்டினார். தாத்தா பாடின அதே பாட்டு, மெட்டு மட்டும் கொஞ்சம் வேகம்.

“இதுல அண்ணாமலைன்னு வருதுல்ல, அது யாருண்ணே?”

“சிவன்தான் தம்பி.”

நான் சொன்னேன், சென்னிகுளம், ஊற்றுமலை, 26 வயசு, எல்லாம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இருபத்தாறா?” என்று ஒரு தடவை கேட்டார். பக்கத்தில் இருந்த பையனைப் பார்த்து, “ஏலே, உனக்கு என்ன வயசு?” என்றார். அவன் இருபத்தி நாலு என்றான். அதுக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. சென்னிகுளத்துக்கு எந்த பஸ், சங்கரன்கோவிலில் மாறணுமா என்று மட்டும் விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து பழைய படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். ‘இயற்றியவர்’ கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், 1865–1891 என்று எழுதினேன். ‘செங்குளம்’ என்பதையும் திருத்தினேன். அப்போதுதான் அதற்குக் கீழே இருந்த கட்டத்தைப் பார்த்தேன். ‘தகவலாளி’ என்ற இடத்தில் ‘ஆண், வயது 71, கோவில்பட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தேன். தாத்தா பேரை எழுதவில்லை. அதையும் எழுதினேன்.